இலவசமா, உரிமையா? அரசு உதவி, இரக்கம், செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வந்தாலும் தேர்தல் வந்தாலும் சென்னையில் டீக்கடை பெஞ்சு முதல் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு வரை ஒரே வாக்குவாதம்தான். அரசு தரும் உதவி மக்களைத் தூக்கிவிடுகிறதா, முடக்கிப்போடுகிறதா? தந்த தலைவருக்கு மனசு இருக்கிறதா, ஓட்டுக் கணக்கு மட்டும்தானா? இரண்டுக்குமே நாம் பதில் எடுப்பது வீட்டில் ஓடும் டிவியிலிருந்து. பிடித்த கட்சி கொடுத்தால் ‘நலத்திட்டம்’, பிடிக்காத கட்சி கொடுத்தால் ‘இலவசம்’. வாங்கும் பெண்மணி அதே ஆள், பையில் விழும் அரிசி அதே அரிசி. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இலவசம் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்கிறார்களே?

முதலில் அளவைப் பார்ப்போம். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலை கிடையாது. நாலு பேர் உள்ள சாதாரண அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ. மிகவும் வறிய அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. சோறே பிரதானமாகச் சாப்பிடும் உழைப்பாளிக் குடும்பத்துக்கு 20 கிலோ மூன்று வாரம் வந்தால் பெரிது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். இதை நம்பி வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் வாடகை கொடுத்து ஒருவர் வாழ்ந்துவிட முடியாது.

பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் உடன் பணியாற்றியவர்களும் ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் தரவை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், உதவி வாங்கியவர்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

பஸ் விஷயத்தில் நடப்பது இந்தச் சோம்பேறிக் குற்றச்சாட்டுக்கு நேர்எதிர். நகரத்துக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களில் நிறையப் பெண்கள் வீட்டுவேலைக்கு அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் வரவேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் மூவாயிரம் ரூபாய் சம்பளம் என்றால், போக வர பஸ் செலவே அதில் கணிசமாகத் தின்றுவிடும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் நீங்கியபின் அந்தக் காசு கையில் நிற்கிறது. தூரத்து வேலையும் கட்டுப்படியாகிறது. இந்த உதவி ஒருவரை வேலைக்கு அனுப்புகிறது, வீட்டில் உட்காரவைக்கவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டீலக்ஸ், ஏசி பேருந்துகளில் இது செல்லாது. காலை எட்டு மணிக்குச் சாதாரணப் பேருந்து வராவிட்டால் சலுகை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். ஆகவே எத்தனை சாதாரணப் பேருந்து ஓடுகிறது என்பதும் இந்தத் திட்டத்தைப் பற்றிய கேள்விதான்.

அப்படியென்றால் உதவியைச் சார்ந்தே இருந்துவிடுவது என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது வாங்குபவரின் குணத்தில் இல்லை, விதி எழுதிய விதத்தில் இருக்கிறது. ஒரு கோட்டைக் கிழித்து, அதைத் தாண்டினால் மொத்தமும் போய்விடும் என்று வைத்தால் யாராக இருந்தாலும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கத்தான் பார்ப்பார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கரண்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி (பிறகு விகிதம் உயர்ந்துவிட்டது) இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். ஆனால் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2 ரூபாய் 25 காசு விகிதம் பறந்துபோய் அதுவும் 4 ரூபாய் 50 காசாகிவிட்டது. கூடுதல் 233 ரூபாய். இதனால்தான் ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது நடுத்தரக் குடும்பங்கள் ஏசியை அணைத்துவைக்கின்றன. அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் வகுத்த வரம்புகளும் இதே வகை: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள். மகனுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடி வருமானம் கோட்டைத் தொட்டால் அம்மாவுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஒரே அடியாகப் போகும். வருமானம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறைவதுபோல் விதி இருந்தால் இந்தப் பயம் வராது. சார்புநிலையைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுபவர்கள் கேட்கவேண்டிய சீர்திருத்தம் இதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. அம்மா கணக்கில் ஏறிய ஆயிரம், அப்பா கை வழியாகக் கடைக்குப் போகும் வீடுகள் ஊரில் இருக்கின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

என் வரிப்பணத்தில்தானே கொடுக்கிறார்கள்?

உங்கள் வரியிலும்தான், வாங்குபவரின் வரியிலும்தான். சோப்பு, பேஸ்ட், செருப்பு, ரீசார்ஜ் எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி உண்டு. ரேஷன் அட்டையைக் காட்டினால் அதில் தள்ளுபடி கிடையாது. அளவும் தெரிந்துகொள்ளுங்கள். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. உரிமைத் தொகை அதில் நூற்றுக்கு நாலு ரூபாய் சொச்சம். அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. ஆகவே ‘எல்லாம் இதனால்தான் கெட்டது’ என்பதும் தவறு, ‘இதெல்லாம் ஒரு செலவே இல்லை’ என்பதும் தவறு.

மதிய உணவைக் கொண்டுவந்தது எந்தக் கட்சி?

கட்சிச் செய்தி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1920இல் தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவு தர ஒப்புதல் கொடுத்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக்கிப் பல மடங்கு பெரிதாக்கினார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதமும் மசாலா முட்டையும் சோதனையாக வந்தன. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கிவைத்தார்.

இதில் எந்த வரியும் பொய் இல்லை. ஆனால் ஒரு கட்சியின் சேனல் தன் தலைவரின் வரியை மட்டும் எடுத்து ‘பசிப்பிணி போக்கியவர்’ என்று ஓட்டும். பொய் சொல்லாமலே ஒருதலையாகச் சொல்ல முடியும் என்பதற்கு இதுதான் அடையாளம். ஆகவே ‘இது உண்மையா’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் யார் என்ன சேர்த்தார்கள்’ என்றும் கேளுங்கள்.

எந்த ஊடகம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாளிதழில் எளிது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கும். அது சட்டப்படி போட்டே ஆகவேண்டியது. முரசொலி திமுகவின் ஏடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏடு, நமது அம்மா அதிமுகவுக்காக 2018இல் தொடங்கியது. இவை வெளிப்படையாகவே கட்சி ஏடுகள் என்பதால் படிப்பவர் ஏமாறுவது குறைவு.

டிவியில் சங்கதி வேறு. ஜெயா டிவி 1999இல் அதிமுக சார்பாக வந்தது. 2017 பிளவுக்குப் பின் அது சசிகலா குடும்பத்தின் பக்கம் நின்றதால் மறு ஆண்டே நியூஸ் ஜெ முளைத்தது. மக்கள் தொலைக்காட்சி பாமக பக்கம், கேப்டன் டிவி தேமுதிக பக்கம். 2007இல் சன் டிவி நடத்தும் மாறன் சகோதரர்களுக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் மனக்கசப்பு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கலைஞர் டிவி தொடங்கியது. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. உரிமையாளரின் உறவு மாறினால் செய்தியின் தொனியும் மாறும். கட்சிப் பெயர் இல்லாத சேனல்களுக்கும் அரசு விளம்பரம் வேண்டும், கேபிள் வரிசையில் நல்ல இடம் வேண்டும். அதையும் மனசில் வையுங்கள்.

செய்தியைப் படிக்கும்போது சாய்வை எங்கே பிடிப்பது?

வினைச்சொல்லில். ஒரு தலைவர் சட்டமன்றத்தில், ‘இந்த ஆண்டு பென்ஷன் உயர்வுக்கு நிதி இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் ‘விளக்கம் அளித்தார்’ என்று வரும். இன்னொன்றில் ‘கைவிரித்தார்’. மூன்றாவதில் ‘மழுப்பல்’. பேச்சு ஒன்றே. எதிர்க்கட்சி கேட்டால் ஒரு தாளுக்கு ‘விளாசல்’, இன்னொரு தாளுக்கு ‘கூச்சல்’. தலைப்பிலிருக்கும் வினைச்சொல்லை மனசுக்குள் அடித்துவிட்டு ‘சொன்னார்’ என்று போட்டு மறுபடி படியுங்கள். செய்தி பாதியாகச் சுருங்கிவிட்டால் மீதிப் பாதி ஆசிரியரின் அபிப்பிராயம்.

அடுத்து வாக்கியத்தின் வால். ‘என்று கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘நெருங்கிய வட்டாரங்கள்’ என்று முடிந்தால் பெயரோடு சொன்னவர் யாரும் இல்லை. மூன்றாவது, டிவி விவாதத்தில் பெயருக்குக் கீழே ஓடும் பட்டம். ‘அரசியல் விமர்சகர்’, ‘மூத்த பத்திரிகையாளர்’ என்று உட்கார்ந்திருப்பவர் மாதம் முழுக்க எந்தக் கட்சிக்கு ஒரு முறைகூட எதிராகப் பேசவில்லை என்று பாருங்கள். அப்படி ஒரு கட்சி இருந்தால் அவரையும் அந்தக் கட்சியின் கணக்கில் சேர்த்து எண்ணுங்கள்.

ஏழைகளைக் காட்டும் படத்தையும் கவனியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பின் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த வரிசையைத் தள்ளுமுள்ளாக மட்டும் காட்டினால் பார்ப்பவருக்கு அருவருப்பு வரும். இடுப்பளவு தண்ணீரில் மெத்தையும் மாவு மெஷினும் போன வீட்டைக் காட்டிவிட்டு அதே வரிசையைக் காட்டினால் இரக்கம் வரும். நமக்கு வந்த உணர்ச்சி நம்முடையதா, கேமரா வைத்த இடத்துடையதா என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டை எப்படிச் சரிபார்ப்பது?

சேனல் லோகோவோடு தலைவர் படம் போட்டு, அவர் சொல்லாததைச் சொன்னதாக வருவதுதான் தமிழில் அதிகம் புழங்கும் பொய். கார்டில் தேதியும் நேரமும் இருக்கிறதா பாருங்கள். எழுத்துரு அந்தச் சேனல் வழக்கமாகப் போடுவதா, ஒற்றுப்பிழை நிறைய இருக்கிறதா பாருங்கள். பிறகு அந்தச் சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்கே போய் அதே தேதிக்கு உருட்டித் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பரப்பவேண்டாம். வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோவாக இருந்தால் முன்பு எப்போது வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் வேறு ஊர்களில், வேறு காரணத்துக்காக நடந்த பழைய சம்பவங்கள் இருந்தன. போலீஸ் மறுத்து வழக்குப் போட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. அதற்குள் சென்ட்ரலிலும் திருப்பூரிலும் பயந்துபோன பிள்ளைகள் ஊருக்கு டிக்கெட் எடுக்க நின்றார்கள். பொய்ச் செய்தி கடைசியில் வந்து விழுவது தினக்கூலிக்காரர் தலையில்தான்.

ஒரு தலைவர் சொன்னதைச் செய்தாரா என்று எப்படி அளப்பது?

அறிவிப்பு, அரசாணை, நிதி ஒதுக்கீடு, செலவு, கைக்கு வந்தது. இந்த ஐந்து படியில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். மேடை அறிவிப்பு முதல் படி மட்டும்தான். அரசாணைக்கு எண்ணும் தேதியும் இருக்கும். அது இல்லாமல் எதுவும் நகராது.

ஒவ்வொரு மானியக் கோரிக்கையின்போதும் (துறைக்கான நிதியைச் சட்டமன்றத்திடம் கேட்கும்போது) துறை அமைச்சர் சட்டமன்றத்தில் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ வைப்பார். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. எத்தனை பயனாளி, எவ்வளவு செலவு என்று அதில் இருக்கும். பட்ஜெட் புத்தகத்தில் மூன்று வகை எண்ணைப் பிரித்துப் பார்க்கவேண்டும்: வரும் ஆண்டுக்கு பட்ஜெட் மதிப்பீடு, நடப்பு ஆண்டுக்கு திருத்த மதிப்பீடு, முடிந்த ஆண்டுக்கு உண்மைக் கணக்கு. 2025-26 புத்தகத்தில் உண்மைக் கணக்கு 2023-24க்குத்தான் இருக்கும். ஆளுங்கட்சி சேனல் மதிப்பீட்டைச் சாதனையாகக் காட்டும், எதிர்ச் சேனல் பழைய கணக்கை இன்றைய தோல்வியாகக் காட்டும். எந்த எண் என்று கேட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

யார் பணம் என்பதும் முக்கியம். முதியோர் ஓய்வூதியத்தைத் தமிழ்நாடு 2023இல் 1,200 ரூபாயாக்கியது. இதில் ஒன்றிய அரசின் முதியோர் திட்டத்தில் வருபவர்களுக்கு 79 வயது வரை டெல்லியின் பங்கு மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500. மீதி மாநிலத்தின் பணம்.

கொள்கை விளக்கக் குறிப்பில் இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ‘தகவல் இல்லை’ என்று மடக்கிவிடுவார்கள். ‘இந்த மண்டலத்தில், இந்த மாதத்தில், எத்தனை மனு வந்தது, எத்தனை தள்ளுபடி, தள்ளுபடிக்கான காரணப் பட்டியலின் நகல்’ என்று ஆவணமாகக் கேட்கவேண்டும்.

உதவி வாங்கினால் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதுதானே நன்றி?

தேவையில்லை. அரசாணை போட்டு, பட்ஜெட்டில் ஒதுக்கி, தகுதியுள்ள எல்லோருக்கும் தருவது நம் பணம். கட்சி பார்த்துத் தரவும் முடியாது, திருப்பிக் கேட்கவும் முடியாது. தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டு வழக்கில்தான். 2022இல் இந்தக் கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

ஓட்டுக்கு முந்தைய இரவில் கவரில் வரும் பணம் வேறு ஜாதி. அது லஞ்சம், கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஆர்.கே.நகரில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தலே பணப் பட்டுவாடாவால் ரத்தானது. தேர்தல் காலத்தில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் ஏற்பாடு. அந்த இடத்திலேயே எடுத்து அனுப்பவேண்டும், கேலரியிலிருந்து பழைய படத்தை ஏற்றமுடியாது.

தகுதி இருந்தும் உதவி கிடைக்காவிட்டால்?

‘ஏழைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள்’ என்று பேசுபவர்களுக்குத் தெரியாத பக்கம் இது. உரிமைத் தொகை மனு தள்ளுபடியானால் காரணம் எஸ்எம்எஸ்ஸில் வரும். 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யவேண்டும். மின்சார அளவு காரணம் என்று வந்திருந்து, ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடித்தனம் இருந்தால் அதை எழுதி, வாடகை ஒப்பந்த நகலை இணையுங்கள்.

ரேஷனில் வாங்காத பொருளுக்கு எஸ்எம்எஸ் வந்தால் அன்றைக்கே 1967க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்தவர்களுக்குக் கருவியில் விரல்ரேகை பதியாது. கண் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். நடமாட முடியாத முதியவர் வேறொருவரை அனுப்ப கடையில் அங்கீகாரப் படிவம் கொடுத்துவைக்கலாம்.

செய்தி தவறென்று தெரிந்தால் எங்கே புகார் செய்வது?

நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். சரிசெய்யாவிட்டால், செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் கத்தரித்த தாளும் கடித நகலும் வைத்து இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு அனுப்பலாம். கண்டிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. செய்திச் சேனல் என்றால் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் சேனலுக்கே புகார் போகவேண்டும். இந்த ஏழு நாளில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, மணி, அந்தத் துண்டின் பதிவு நான்கும் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணியைக் குறித்துவிடுங்கள்.

தெருவில் கை நீட்டுபவருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். அதற்கு அவருடைய வாழ்க்கை வரலாறு தேவையில்லை. நடைபாதையில் படுத்திருப்பவருக்கு இடம் வேண்டுமென்றால் 1913 மாநகராட்சி உதவி எண்ணில் அழைத்து வீடற்றோர் காப்பகம் கேளுங்கள். சென்னை போலீஸின் காவல் கரங்கள் திட்டம் 2021 முதல் ஆதரவற்றோரை மீட்கிறது. குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567. போன் செய்யும்போது தெரு, பக்கத்துக் கடையின் பெயர், ஆண் அல்லது பெண், நடக்க முடியுமா, காயம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு அழையுங்கள். அந்த இடத்தில் அவருக்கு மூட்டையும் சாப்பாடு வாங்கித் தரும் ஆளும் இருக்கலாம். கேட்காமல் வண்டி வந்தால் பயந்து ஓடிவிடுவார்கள், அடுத்த முறை யார் வந்தாலும் கிட்டே சேர்க்கமாட்டார்கள்.